ஒரு கறுப்புக் கோலி

எனக்கு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முக்கியம். துபாய் கராமாவில் என் ஊர்க்காரன் சுரேஷ்குமார் வீட்டில்தான் எட்டு வருஷம் சாப்பிட்டேன். அவன் மனைவி ராதிகா வைக்கும் ரசத்துக்கு ஈடு கிடையாது. இதைச் சொல்வது, அந்தக் குடும்பத்தின்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை என்று நீங்கள் புரிந்துகொள்ளத்தான்.

எங்கள் ஊரில் ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் லாட்ஜ் ஒன்று உண்டு. தலைவெட்டிக் கோயில் என்பார்கள். டாக்டர், வக்கீல், மில் முதலாளி என்று பதினோரு மெம்பர்கள். என் அப்பா அங்கே வாட்ச்மேன். சாகும்வரை அந்த ஹாலுக்குள் கால் வைத்ததில்லை. சுரேஷ் மெம்பரானான். 2005 லீவில் என் பெயரையும் அவனே முன்மொழிந்தான். புது ஆளைச் சேர்க்க, ஒரு பெட்டிக்குள் கையை விட்டு ஆளுக்கொரு கோலி போடுவார்கள். வெள்ளை என்றால் சம்மதம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கதவு சாத்தியதுதான். யார் போட்டது என்று கேட்கக் கூடாது.

எனக்கு ஒரு கறுப்பு விழுந்தது.

"யாருன்னு தெரியலடா சேது," என்றான் சுரேஷ். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பட்டனைப் பார்த்தான். போட்டது இவன்தான் என்று முடிவுகட்டினேன். கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் இப்படிச் செய்வானா?

நான் சண்டை போடவில்லை. துபாய் திரும்பியதும் வழக்கம்போல ரசம் சாப்பிட்டேன். ராதிகா தயிர் எடுக்கப் போனபோது, பீரோவில் பாஸ்போர்ட்டுகளுக்கு அடியிலிருந்த போட்டோவை எடுத்துக்கொண்டேன். லாட்ஜில் சங்கத்துச் சடங்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு சுரேஷ் நிற்கும் படம். முன்பு அவனே ஆசையாகக் காட்டியது. இங்கே அந்தச் சங்கத்துக்குத் தடை. எங்கள் இருவருக்கும் ஒரே கஃபீல், அதாவது ஸ்பான்சர் முதலாளி; விசா அவர் கையில். படத்தைக் கவரில் போட்டு அவர் மேஜையில் வைத்தேன். ஒரு வார்த்தை பொய் எழுதவில்லை.

மூன்றே நாளில் "கலாஸ்", முடிந்தது என்றுவிட்டார். விசா ரத்து. அவர்கள் மகள் தன்யாவுக்கு அப்போது ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்; கம்பெனி இன்ஷூரன்ஸில் இங்கே சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பாதியில் நின்றது. அது நிற்கும் என்று எனக்கு முன்பே தெரியும். அவளை ஆஸ்பத்திரிக்குப் பல நாள் என் காரில்தான் கூட்டிப்போயிருக்கிறேன். ஊரில் நாலு மாதம் இருந்தாள்.

துக்கம் கேட்கப் போனேன். ராதிகா எனக்கு மோர் கொடுத்தாள்.

"யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. நல்லவேளை, நீங்க அதுல சேரலண்ணா. அன்னைக்குக் கறுப்பைப் போட்டது இவர்தான். நீங்க ஆசைப்பட்டீங்கன்னு பேரைக் கொடுத்துட்டு, துபாயில தெரிஞ்சா உங்க பொழப்பு போயிடுமேன்னு கடைசி நேரத்துல பயந்துட்டாரு."

சுரேஷ் அப்போதும் என் சட்டைப் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மோரைக் குடித்து முடித்தேன். பாருங்கள், போட்டது அவன்தான். நான் நினைத்தது தப்பில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு நிம்மதி.