எட்டு ஃபில்ட்டர் பாக்கெட்

உங்க ஸ்டேஷன் டீ நல்லா இருந்துச்சு சார். பால் லேசா அடிபிடிச்ச வாசனை, ஆனா குடிக்கலாம். எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. வீட்ல கேஸ் கசிஞ்சா என் பொண்டாட்டிக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்.

அவ தம்பி நேர் எதிர். சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல அவனுக்கு வாசனையே போயிடுச்சு. சாக்கடை ஓரமா இலை போட்டாலும் ரசிச்சுச் சாப்பிடுவான்னு கிண்டல் பண்ணுவோம். அவனும் சிரிப்பான். தங்கமான மனுஷன் சார், அதை முதல்ல எழுதிக்குங்க.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சோம். மேஜை மேல படை படையா நிறுத்தி, பகடை உருட்டிப் போர் விளையாடுவாங்களே, அந்தப் பொம்மை. கட்டைவிரல் உசரம்தான் இருக்கும். அவன் ஏர்பிரஷ்ல, அதான் காத்தோட பெயிண்ட்டைப் புகையாப் பீச்சுற குழல்ல, அடிக்கலர் அடிப்பான். நான் கண்ணு, மீசை, பெல்ட் பொத்தான் எல்லாம் மெல்லிசு பிரஷ்ல வரைவேன். பேரு எனக்குத்தான். அடிக்கலரை யாரு பாக்கறாங்க?

அப்புறம் அவன் ஒரு வித்தை பிடிச்சான். முழுக்கக் கருப்பு, மேல இருந்து மட்டும் வெள்ளை, அதுக்கு மேல மெல்லிசா கலர். வெயில்ல நிக்கிற ஆளு மாதிரி நிழலும் வெளிச்சமும் தானா வந்துடும். நாப்பது குதிரை வீரனை அப்படி அடிச்சு வெச்சிருந்தான். விளையாட்டு கிளப் தலைவர் ஒண்ணைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இதுவே போதும்பா. இதுக்கு மேல பிரஷ் வெச்சா கெட்டுப் போயிடும்"னாரு. நான் பிரஷ்ஷும் கையுமா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். வயிறு எரிஞ்சுது, மறைக்க என்ன இருக்கு?

"தண்ணிப் பெயிண்ட் உரியுது மாப்ள, தின்னர் பெயிண்ட்டுக்கு மாறிடு"ன்னு நான்தான் சொன்னேன். உரியல. சும்மா சொன்னேன்.

தின்னர் புகைக்கு முகமூடி இல்லாம ஆகாது. ரெண்டு பக்கமும் வட்டமா ஃபில்ட்டர் இருக்குமே, அது. அதுல ஒரு சங்கடம், தீர்ந்து போனாலும் பாக்கப் புதுசு மாதிரியே இருக்கும். உள்ள வாசனை வந்தாத்தான் தெரியும். அவனுக்கு ஏது வாசனை? அதனால தினமும் வேலைக்கு முன்னாடி முகமூடியை என்கிட்ட நீட்டுவான். நான் மாட்டிக்குவேன். அவன் தின்னர் டப்பாவைத் திறந்து என் முன்னாடி பிடிப்பான். ஒரு மூச்சு இழுத்துப் பாப்பேன்.

"மாமா, நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு மாப்ள."

முதல் மாசம் நிஜமாவே நல்லா இருந்துச்சு. ரெண்டாவது மாசம் தின்னர் சுள்ளுனு மூக்குல ஏறுச்சு. அப்பவும் அதையேதான் சொன்னேன். சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டு, என் அறைக்குப் போயிடுவேன்.

அவ்வளவுதான் சார் நான் பண்ணது. கை நீட்டினேனா, சோத்துல எதையாவது கலந்தேனா? கொஞ்சம் இருமினா ஏர்பிரஷ்ஷை விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுவான்னு நினைச்சேன். பிடிவாதக்காரன், இருமிக்கிட்டே அடிச்சான். "தம்பிக்கு என்னங்க ஆச்சு?"ன்னு என் பொண்டாட்டி கேட்டா. "தூசி ஒத்துக்கல"ன்னேன்.

ஃபில்ட்டர் வாங்கி மாத்துறது என் பொறுப்பு. மாசாமாசம் புதுசு வாங்கத்தான் செஞ்சேன். உங்க மேஜையில பிரிக்காம இருக்கே, அந்த எட்டு பாக்கெட்தான். என் பிரஷ் பெட்டிக்கு அடியில இருந்து அவதான் எடுத்தா. அன்னியிலேர்ந்து என் மூஞ்சியைப் பாக்கறதில்ல. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஆஸ்பத்திரியில கடைசியா பாத்தப்போ ஆள் பாதியாயிட்டான். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழட்டி என் பக்கம் நீட்டினான். பழக்கதோஷம்.

"மாமா, இது நல்லா இருக்கா?"

குனிஞ்சு மோந்து பாத்தேன். ஒரு வாசனையும் இல்ல. "நல்லா இருக்கு மாப்ள"ன்னேன். நிம்மதியா மாட்டிக்கிட்டான். மறுநாள் காலையில போயிட்டான்.

எட்டு மாசம் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன், மறுக்கல. ஆனா அன்னிக்கு அவன்கிட்ட உண்மையைத்தான் சொன்னேன் சார். அதையும் மறக்காம எழுதிக்குங்க.