நாலாவது துடிப்பு

— இன்னொருக்கால் நாடி பிடிச்சியளெண்டால் அந்தக் கையிலை சுடுதண்ணி ஊத்துவன்.

— இஞ்சரும் பத்மா, இப்பவும் வந்தது. மூண்டு ஒழுங்காய் அடிக்குது. நாலாவது முந்திக்கொண்டு வருது. பிறகு ஒரு நிப்பு, பெரிசா ஒரு இடி.

— அதைத்தானே அந்த டொக்டர் பொம்பிளைப்பிள்ளை ஈசிஜி எடுத்து, ஸ்கானும் பாத்துச் சொன்னவ? இதயத்திலை பழுதில்லை, இடையிலை ஒரு துடிப்பு கூட வருது, கனபேருக்கு வாறதுதான் எண்டு.

— சொன்னவ.

— தேத்தண்ணியைக் குறைச்சு, நல்லா நித்திரை கொள்ளச் சொன்னவ. நீங்கள் சாயத் தேத்தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு இருந்து நாடி எண்ணுறியள். உரும்பிராய் ஊர் முழுக்க உங்கடை கதைதான், கனகசபாபதியருக்கு நெஞ்சுவருத்தமாமெண்டு. மிளகாய்ப் பாத்தியளுக்குத் தண்ணி மாறி விடுறது ஆர்? விரதக்காரி நான், ஒரு நேரச் சாப்பாட்டோடை.

— நீர் பாதியைத்தான் கேட்டனீர். மயங்கி விழுந்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் ஒரு நிமிசமும் வீட்டிலை நிக்காமல் வரச் சொன்னவ.

— மயங்கினியளோ?

— இல்லை.

— மூச்சு முட்டினதோ?

— இல்லை.

— நெஞ்சு நொந்ததோ?

— நோகேல்லை. துள்ளுது.

— துள்ளட்டும். எனக்கெண்டால் விசர் வருது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கோ.

— போறன், போறன். உதென்ன முழங்கையிலை காயம்?

— வரம்பிலை விழுந்திட்டன்.

— சறுக்கினதோ?

— இல்லை. நெஞ்சு படபடவெண்டு ஓடிச்சுது, கண் இருட்டிப்போச்சு. எழும்பேக்கை தண்ணி பாத்தியை மேவி ஓடுது. விரதக் களைப்புத்தானே.

— எப்ப?

— இண்டைக்கு விடிய. முந்தாநாளும் கிணத்தடியிலை ஒருக்கால்.

— இரண்டு தரமோ? கையைத் தாரும்.

— விடுங்கோ, என்ரை நாடியையும் எண்ணப் போறியளே.

— எண்ணேல்லை. செருப்பைப் போடும், ஆசுப்பத்திரிக்குப் போவம். கோகுலன்ரை ஓட்டோ ஒழுங்கையிலைதான் நிக்குது. உப்பிடி விழுந்தால் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாதெண்டுதானே அந்த டொக்டர் பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னது. ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— சொன்னால் விரதத்தை விடச் சொல்லுவியள். உங்கடை நெஞ்சுக்கெண்டுதானே அதைப் பிடிக்கிறன்.