பிரஷர் ஏழு கிலோ

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்று பத்து. ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் ரோட்டில் ஒரே ஒரு பைக். அதில் லிங்கேஸ்வரன். நாய்கூடக் குரைக்கவில்லை...

எங்கள் தெரு சிவரஞ்சனியின் அத்தை மகன்தான் இந்த லிங்கேஸ்வரன். யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவள் இதைச் சொன்னாள். அதனால்தான் தெருவில் பாதிப் பேருக்கு மட்டும் தெரியும்.

அவன் சட்டைப்பையில் மூன்று பேனாக்கள். நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று. ஒரு வருஷத்தை ஒரே ராத்திரியில் எழுத வேண்டும். எல்லாம் ஒரே மையாக இருந்தால் ஜட்ஜ் பிடித்துவிடுவார் அல்லவா?

விஷயம் இதுதான். அதே ரோட்டில் அவன் வேலை பார்த்த நூல் மில்லில் தீயணைக்க ஹைட்ரண்ட் லைன் உண்டு. சுற்றிலும் சிவப்புக் குழாய், கண்ணாடிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த ஹோஸ், தண்ணீர் தள்ளப் பெரிய மோட்டார். வெள்ளிதோறும் ஓட்டிப் பார்த்து, பிரஷர் எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதி, ஆபரேட்டரும் உடனிருந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டே கிடையாது. மோட்டாரோ, முதலாளியின் கூமாப்பட்டித் தென்னந்தோப்பில் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் ரூமில் நின்றது சிவப்பு பெயின்ட் அடித்த காலிக் கூடு. மோட்டாரை லாரியில் ஏற்றிவிட்டதே ஆபரேட்டர் லிங்கேஸ்வரன்தான். குடோன் காவலுக்கு இருந்த மாரிச்சாமியிடம் மட்டும் சொல்லவில்லை. இத்தனைக்கும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற கூட்டாளிகள். லிங்கேஸ்வரன் எந்தத் தாளை நீட்டினாலும், "எங்க மாப்ள போடணும்?" என்று கேட்டு, படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவன் மாரிச்சாமி.

ஆடி மாதம் பஞ்சு குடோன் தீப்பற்றியது. மாரிச்சாமி ஹோஸை மாட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

"தண்ணி விடு மாப்ள!"

"இந்தா விடுதேன்!" என்றான் லிங்கேஸ்வரன், பம்ப் ரூமிலிருந்து.

என்னத்தை விட? வெளியே ஓடிவர நேரம் இருந்தது. மாப்ள சொல்லிவிட்டான், தண்ணீர் வந்துவிடும் என்று மாரிச்சாமி நின்றான். கூரை விழுகிறவரைக்கும் நின்றான்.

அவன் மனைவி பாண்டிசெல்வி நஷ்டஈடு கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனாள். பம்பு நன்றாகத்தான் ஓடியது, அவனுக்குத்தான் வால்வு திறக்கத் தெரியவில்லை என்று மில் தரப்பு சாதித்தது. அதற்குச் சாட்சியாக நோட்டு வேண்டும். விடிந்தால் வாய்தா.

"ஏலே, விடியதுக்குள்ள எழுதி முடிச்சிரு. மாரிச்சாமி கையெழுத்தையும் நீயே போட்ரு. ஒனக்கு போர்மேன் வேலை ரெடி," என்றிருந்தார் மேனேஜர்.

பம்ப் ரூமில் கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் எழுதினான். வெள்ளிக்கிழமை... ஏழு கிலோ, ஓகே. அடுத்த வெள்ளிக்கிழமை... ஏழு கிலோ, ஓகே. ஐம்பத்திரண்டு வரி. தன் கட்டத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாயிற்று. பக்கத்துக் கட்டம் காலி.

பேனாவை அங்கே கொண்டுபோனான்...

கருகிய பஞ்சு வாடை.

வெளியே, சிமென்ட் தரையில் பித்தளை உரசுகிற சத்தம். கர்ர்ர்... டங். கர்ர்ர்... டங். ஹோஸ் நுனியை யாரோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. கதவருகே வந்து நின்றது.

செத்த நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு, காதுக்குப் பக்கத்தில்...

"எங்க மாப்ள போடணும்?"

கையிலிருந்த பேனா மெல்ல உருவப்பட்டது. பைக்கையும் மறந்து ஓடியவன், வீட்டு வாசலில்தான் நின்றான்.

காலையில் கோர்ட்டு வாசலில் மேனேஜர் நோட்டோடு நின்றார். வாயெல்லாம் பல். "பம்ப் ரூம்லயே நோட்டப் போட்டுட்டு வந்திருக்கியேல! ஆனா, அவன் கையெழுத்த அப்டியே போட்டிருக்க. எம்புட்டு நாள் பழகுன?"

லிங்கேஸ்வரன் அவர் பின்னாலேயே கோர்ட்டுக்குள் போனான்.

உள்ளே பாண்டிசெல்வியிடம் நோட்டைக் காட்டினார்கள். பார்த்தாள். விரலால் தடவினாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி.

"அவிய கையெழுத்துதான்யா," என்றாள். பிறகு திரும்பி, "தண்ணி வந்துச்சாண்ணே?" என்று லிங்கேஸ்வரனையே கேட்டாள்.

ஐம்பத்திரண்டு முறை கூட்டாளி கைகொடுத்திருக்கிறான். இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

"வந்துச்சும்மா," என்றான் லிங்கேஸ்வரன்.



ஆபரேட்டர் கையெழுத்தை அவனே அடையாளம் காட்ட வேண்டுமென்று நோட்டை அவன் பக்கம் திருப்பினார்கள். குனிந்தான். ஐம்பத்திரண்டு வரிகளுக்குக் கீழே, அவன் எழுதாத ஒரு வரி. தேதி, வருகிற வெள்ளிக்கிழமை. உடனிருந்தவர் கட்டத்தில் மாரிச்சாமியின் கையெழுத்து, மை இன்னும் காயாமல்... ஆபரேட்டர் கட்டம் மட்டும் காலி.

இது நடந்தது திங்கட்கிழமை. இன்றைக்கு வியாழன். பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.