செத்துவிட்டதாகச் சொன்னவள்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் போகிற சாலை... முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. என் நண்பர் அன்பரசுவின் மச்சான் தேவசகாயம் தன் குட்டியானையை ஓட்டிக்கொண்டு போகிறார். முதுநகர் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிற சின்ன லாரி அது. பக்கத்தில் மனைவி எழிலரசி.

ஈஸ்டருக்குப் பிறகு அவள் பேச்சு நின்றுபோயிருந்தது. சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. காரணமும் தெரியவில்லை.

அன்றைக்குத் திடீரென்று வாயைத் திறந்தாள்.

"என்னை எங்க இட்டுக்கினு போற? நான்தான் செத்துட்டனே... நாத்தம் வர்ல உனக்கு?"

தேவசகாயம் மூச்சை இழுத்துப் பார்த்தார். வண்டிக்குள் எப்போதும் மீன் கவிச்சி அடிக்கும். அன்றைக்கு அடித்தது... மீன் வாடை இல்லை.

தெருவே பேய் என்றது, மந்திரிக்கச் சொன்னது. அவர் கேட்கவில்லை. சிதம்பரத்தில் மனநோய்க்கென்றே இருக்கிற மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டாக்டர் வினோதினி அவளிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "பேய் இல்லைங்க. கடுமையான மனச்சோர்வு. முத்திப்போனா, செத்துட்டோம்னே நம்பிடுவாங்க. வெறும் மாத்திரைக்கு அடங்காது, இங்கியே வெச்சிப் பாக்கணும். தேறிடுவாங்க."

மாத்திரையோடு, மயக்கம் கொடுத்து மின்சிகிச்சையும் செய்தார்கள். வாரங்கள் போயின. ஒரு காலையில் எழிலரசி, "டீ இருக்கா?" என்று கேட்டாள். தேவசகாயம் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வீட்டுக்குத் திரும்புகிற அன்று நல்ல வெயில். பாதி வழியில் அவள் பதறினாள்.

"ஐயோ... பக்கத்துக் கட்டில் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டமே!"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். அந்த அறையில் இருந்தவை இரண்டே கட்டில்கள். ஒன்றில் எழிலரசி. மற்றதில் இத்தனை நாளும் துணைக்குப் படுத்திருந்தவர் அவர்தான்.

"எந்த அக்கா?"

"தெனம் ராத்திரி உன் கட்டில்ல வந்து ஒக்காருமே... உன்னைத் தாண்டிக் கையை நீட்டி என் கையைப் புடிச்சிக்கும். ஐஸு மாதிரி இருக்கும் அந்தக் கை. 'நீ சாவலடி... செத்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்'னு சொல்லிக்கினே இருக்கும்."