முப்பதுக்குக் கீழே

குளிர்காலத்தில் முதியோர் இல்லத்து வேலைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம். ஒஹையோவில் எந்த ஊரில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். யாருக்கு எந்த நேரம் வேலை என்று போடுகிறவள் மீது எல்லோருக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கும். என்மீது இருந்ததில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வருடம் முழுக்கப் பார்த்து, வாரத்துக்குச் சராசரி முப்பது மணி நேரம் வேலை செய்தவருக்கு நிர்வாகம் மருத்துவக் காப்பீடு தந்தாக வேண்டும். அக்டோபரில் கணக்கை முடிப்போம், ஜனவரியில் அட்டை வரும். முதலாளி ஹாஸ்கின்ஸ் யாருடைய நேரத்தையும் வெட்டச் சொன்னதில்லை. இந்த வருடம் காப்பீட்டில் புதிதாக எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று மட்டும் கேட்பார். கேட்கிற விதத்திலேயே பதிலும் இருக்கும்.

வெர்னா சமையற்கட்டில் இருந்தாள். மெல்ல முடியாதவர்களுக்கு உணவை அரைத்து, தானே ஊட்டியும் விடுவாள். கோடையில் ஒருநாள் உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்தாள். கொண்டைக்கடலை அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போனா பில்லே என்னைக் கொன்னுடும்" என்று சிரித்தாள். "ஜனவரில கார்டு வந்துடும்ல, மார்லா?"

"வந்துடும். அதுவரைக்கும் டாக்டர் பக்கமே போகாத. இப்பப் போய் எழுதி வச்சுட்டாங்கன்னா, பழைய வியாதின்னு சொல்லி கை விரிச்சுடுவாங்க."

அப்படி ஒரு விதி முன்பு இருந்தது. அதை நீக்கிப் பல வருடங்கள் ஆகின்றன. எனக்கு அது தெரியும். அரசு வழியாக மலிவான காப்பீடு கிடைக்கும் என்பதும் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை.

என் கணவர் ராய்க்கு இதயநோய். நாங்கள் இருப்பதும் இல்லத்தின் காப்பீட்டில்தான். அதில் சேர்ந்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரிய வியாதிக்காரர் ஒருவர் உள்ளே வந்தால், அடுத்த வருடம் எல்லோருக்கும் தவணை ஏறும். யாராவது ஒருவர் எல்லோருக்காகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டிலிருந்து அவளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினேன். முகம் வாடிக் கிடக்கிறது, போய்ப் படு என்பேன். அவள் கண் கலங்கும். ஆனால் போகமாட்டாள். வெளியேறும் நேரத்தைப் பதிந்துவிட்டுத் திரும்பி வந்து, சாப்பாடு பாதியில் நிற்கும் கிழவர்களுக்கு ஊட்டி முடிப்பாள். அந்த நேரம் கணக்கில் ஏறாது. நான் அவளைத் தடுக்கவில்லை.

அப்படியும் அக்டோபரில் முப்பதுக்குச் சற்று மேலேதான் நின்றாள். அவள் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிடாத சாப்பாட்டு இடைவேளைகளை எடுத்ததாகக் கணினியில் நான் சேர்த்தேன். அந்த நேரமெல்லாம் கழிந்து, சராசரி முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. பிற்பகலில் தொடங்கிய வேலை, இருட்டுவதற்குள் முடிந்தது.

நூலிழையில் தவறிப்போனதை நானேதான் அவளிடம் சொன்னேன். வேறு யாராவது சொன்னால் மனசு உடைந்துபோவாள். கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

"நீ என்ன பண்ணுவ? கம்ப்யூட்டர் சொல்றதுதானே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு."

வசந்தத்தில் அடுப்புக்கு முன்னால் விழுந்தாள். இடுப்பெலும்பு தானாகவே முறிந்திருந்தது. நோய் எலும்புவரை போய்விட்டது என்றார்கள். கோடை வருமுன் அடக்கம் செய்தோம். நான் உருளைக்கிழங்குப் பதார்த்தம் செய்து கொண்டுபோனேன். அவள் மகள் டெஸ் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"அம்மாவுக்கு இங்க நல்லது சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."

மறுப்பது அந்த இடத்தில் நன்றாக இருக்காது.

ஆம், நேரத்தை மாற்றியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கட்டியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மாற்றினேன். அதனால்தான் மாற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இந்த விசாரணைக்கு இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தால் நல்லது. வெர்னாவின் இடத்தில் ஒரு சின்னப் பெண் சேர்ந்திருக்கிறாள். நின்றால் தலை சுற்றுகிறது என்று நேற்று என்னிடம் மட்டும் சொன்னாள். பாவம், அவளுக்கு இங்கே வேறு யாரும் இல்லை. இந்த வாரமே அவளுக்கு நேரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டேன்.