உறைந்த தேன்

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது ஒரு சோதனையே இல்லை, ஐயா. வெல்லப்பாகும் நேராக அடியில் போய்த்தான் உட்காரும். திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் நான் என் நாக்கை நம்பித்தான் தேன் வியாபாரம் செய்கிறேன். அலையாத்திக் காட்டுத் தேன் கடைசியில் லேசாக உப்புக் காட்டும். கொசுத்தேனில் ஒரு புளிப்பு இருக்கும். வேம்பு பூக்கும் காலத்தில் எடுத்தது கொஞ்சம் கசந்துவிட்டுப் போகும். ஆனால் எந்தத் தேனானாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். தஞ்சாவூர் டாக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். என் மனைவி ஹலீமாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் தேன் நுழைவதில்லை.

இறந்துபோன சிவசாமி மிராசுதாருக்கும் அதே வியாதிதான்.

என் அண்ணன் காதர் மைதீன் அவரிடம் குத்தகைக்குப் பயிர் செய்தவர். குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும், பதிவதற்குள் எல்லோரையும் துரத்தப் பார்த்தார் மிராசுதார். அண்ணன் நகரவில்லை. குறுவை நட்டிருந்த வயலிலேயே மிராசுதாரின் ஆட்கள் அவரைக் குப்புறத் தள்ளி அழுத்திக் கொன்றார்கள். கணுக்கால்கூட நனையாத தண்ணீர் அது. வாய்க்காலில் தவறி விழுந்தார் என்று விசாரணை முடிந்தது. அந்த வாரமே மிராசுதார் வீட்டிலிருந்து தேன் வாங்க ஆள் வந்தான். அப்போதும் நல்ல தேனாகப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன்.

சில வருஷம் கழித்து அவருக்கு வியாதி கண்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ராவுத்தரே, சுத்தமான தேன் சர்க்கரைக்காரனை ஒண்ணும் பண்ணாதுங்கறாங்களே, நெசமா?"

இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் நம்புகிற பேச்சு அது. நான் கிளப்பிவிட்டதல்ல.

"சுத்தமா இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க" என்றேன்.

காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார், சோற்றைக் குறைத்தார், தேனை மட்டும் காலையும் மாலையும் சாப்பிட்டார். கால் விரலில் வந்த புண் ஆறாமல் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு பார்வை போனது. ஒவ்வொரு செய்தி வந்தபோதும் எனக்கு அன்று சோறு ருசியாக இருந்தது.

அவர் மனைவி சௌந்தரநாயகி அம்மாள் கடைக்கே வந்து அழுதார். "நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா தேனை விட்டுடுவாரு."

ஆகட்டும் என்று கூடவே போனேன். எனக்குக் காப்பி போட அம்மாள் உள்ளே போனதும் கட்டிலருகே குனிந்தேன். "உங்க ஆளுங்க வழியில எதையோ கலந்துட்டாங்க போலருக்கு. அதான் உடம்புக்கு ஆகல. இது நானே கொண்டாந்த மலைத்தேன். அம்மாவுக்குத் தெரியாம வெச்சுக்குங்க. வழக்கத்தைவிடக் கூடவே சாப்பிடுங்க."

அவர் தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணனைப் பத்தி மனசுல ஒண்ணும் வெச்சுக்கலியே, ராவுத்தரே?"

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்றேன். அம்மாள் கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அம்மாள் வாசல் வரை வந்து கும்பிட்டார்.

மார்கழியில் மிராசுதார் நினைவு தப்பிப் போய்ச் சேர்ந்தார். யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த என் தேன் பாட்டிலை அப்புறம்தான் அம்மாள் பார்த்திருக்கிறார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சீனி என்று நினைத்து, கலப்படத் தேன் விற்றேன் என்று உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார். ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும் என்று நீங்களும் தன்மையாகச் சொல்கிறீர்கள்.

அது முடியாது, ஐயா. நல்ல தேனும் குளிரில் உறையும். அதில் ஒரு சொட்டு வேறு எதுவும் இல்லை. அவர் சாக வேண்டும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கலப்படம் என்று எழுதிவிட்டால் கடைத்தெருவில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?