மேட்டில் முளைத்த கல்லறைகள்

— அதில்ல டோர்க்காஸ் அக்கா, போன வாரம் இந்த மேட்டுல ஒரு கல்லறைகூட இல்ல. இப்ப எப்படி மூணு முளைச்சுது?

— முன்னாடியே இருந்துச்சு துஹாஃபேனி. கண்ணு மிஷின் மேலயே இருந்தா கல்லு எங்க தெரியும்?

— மிஷினப் பாக்கத்தானே எனக்குச் சம்பளம்! அடியில யுரேனியம் இருந்தா அது டிக்டிக்குன்னு கத்தும். அங்க துளை போட அடையாளமாக் குச்சி நட்டுட்டுப் போறேன். திரும்பி வந்தா குச்சிக்குப் பக்கத்துல உங்க சொந்தக்காரர் ஒருத்தர் படுத்திருக்காரு.

— நீ குச்சியக் கொண்டுபோய் கல்லறை மேல நட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?

— சரி, இது யாரு?

— எங்க கோட்லீப் பெரியப்பா. நம்ம மண்ணப் பிடிச்ச ஜெர்மன்காரனோட சண்டையில செத்துப் போனவரு.

— அந்தச் சண்டை முடிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு! உங்களுக்குப் பெரியப்பாவா?

— எங்க தாத்தாவுக்குப் பெரியப்பா. எல்லாத்தையும் உனக்கு விளக்கணுமா?

— அப்ப அவரு கல்லுக்கு அடியில எங்க டிரைவர் குடிச்சுப் போட்ட கோலா டப்பா ஏன் கிடக்கு?

— இந்த நமீப் பாலைவன வெயிலுக்குச் செத்தவங்களுக்கும் தாகம் எடுக்கும்.

— கடவுளே! அக்கா, எனக்குச் சிரிப்பு வரல. துளை போடுற வண்டி, தண்ணி லாரி, ஆளுங்க, எல்லாம் சும்மா நிக்குது. விண்ட்ஹூக் ஆபீஸ்லேருந்து எங்க பெரியவரு தினம் போன்ல காய்ச்சுறாரு. யுரேனியம் எங்கடா, காந்தம் செய்யற அருமண் எங்கடான்னு. நான் என்ன சொல்ல? கல்லறைதான் நல்லா விளையுதுங்கன்னா?

— சொல்லேன். கல்லறைப் பக்கம் துளை போட மாட்டோம்னு ஊர்க் கூட்டத்துல நீதானே சொன்னே?

— சொன்னேன். அந்த வாய்க்குச் சூடு வைக்கணும். இங்க பாருங்க, ஆட்டுக்கு மேய்ச்சல் போயிடும்னுதானே இவ்வளவும்? நேராக் கேளுங்க. துளைய மூடிக் கொடுக்கறோம், வேலி போட்டுக் கொடுக்கறோம்.

— என்கிட்ட ஏதுப்பா ஆடு? வறட்சியில பாதி செத்துச்சு. மீதிய வித்துட்டேன்.

— சரி, உங்க தங்கச்சி மவனுக்கு வேலை போட்டுத் தரட்டுமா?

— அவன் ஸ்வாகோப்முண்ட்ல மீன் கம்பெனியில நல்லாத்தான் இருக்கான்.

— பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு? அந்தத் தகரக் கொட்டகையில தனியா இருந்துக்கிட்டு, வெயில்ல கல்லு சுமந்து, என் உசுர எடுக்கறதுல என்ன சுகம்?

— கத்தாத. காது நல்லாக் கேக்குது.

— நாளைக்கு அரசாங்க அதிகாரி வர்றாரு. கல்லப் புரட்டி, தோண்டிப் பாப்பாரு. உள்ள எலும்பு இல்லேன்னா போலீஸ் கேஸு. அப்ப என்கிட்ட வந்து நிக்காதீங்க.

— வரட்டும், தோண்டட்டும். ஆனா பதமாத் தோண்டச் சொல்லு. எலும்பு இருந்தா முதல்ல என்னக் கூப்பிடச் சொல்லு.

— இருந்தாவா? உங்க பெரியப்பான்னீங்க! உள்ள ஆளு இருக்காரா இல்லையான்னு உங்களுக்கே தெரியாதா?

— தெரியாது.

— என்னக்கா இது... சரி, உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க. யாருக்கு இந்தக் கல்லெல்லாம்?

— என் வீட்டுக்காரருக்கு. ஃபெஸ்டஸ். வறட்சியில கழுதை ஒண்ணு தொலைஞ்சுதுன்னு தேடிக்கிட்டு இந்தப் பக்கம்தான் வந்தாரு. மறுநாள் கழுதை தானா வீட்டுக்கு வந்துடுச்சு.

— அவரு?

— போலீஸ் தேடுச்சு, ஊரே தேடுச்சு. ஒரு செருப்புகூடக் கிடைக்கல.

— ஐயோ. இத முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா. ஒருத்தருக்கு எதுக்கு இத்தனை கல்லறை?

— எங்க படுத்திருக்காருன்னு தெரிஞ்சா ஒரே இடத்துல வெச்சிருப்பேன் தம்பி. நீ துளை போடக் குச்சி நட்டுட்டுப் போற இடத்துல ஏதாவது ஒண்ணு அவரு நெஞ்சா இருந்துட்டா?